கண் தேர்ந்ததும் காது சுமந்ததும்: ஒரு கம்பியில்லா ஹெட்செட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பணியும் சூழலும்

தொலைபேசி வழியாக இரு மொழியினருக்கு இடையே பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வது என் தொழில். ஒரு முனையில் மருத்துவர், மறுமுனையில் நோயாளியோ அவர் வீட்டாரோ இருப்பார்கள். நடுவில் நான் இருப்பேன். இருவருமே என் முகத்தைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. நாளில் ஐந்தாறு மணி நேரம் பேச்சிலேயே கழிகிறது. மருந்தின் அளவு, தேதி, பெயர் எல்லாவற்றையும் உடனுக்குடன் குறித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் வலக்கை பேனாவை விட்டு நகர முடியாது. இடக்கை தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும். கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வழியே இல்லை.

இப்பணிக்காக நான் அடுத்தடுத்து வாங்கிய இரண்டு கம்பியில்லா ஹெட்செட்டுகளைப் பற்றியது இந்த ஆய்வு. முதலாவதைத் தோற்றத்துக்காக வாங்கினேன். இரண்டாவதை, முதலாவது கற்றுக்கொடுத்த பாடத்துக்காக வாங்கினேன். இரண்டையும் செய்த நிறுவனங்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை, ஏனெனில் நான் சொல்லவிருக்கும் குறைகளும் நிறைகளும் அந்தந்த வடிவத்துக்கு உரியவை. அதே வடிவத்தில் யார் செய்தாலும் பெரும்பாலும் கூடவே வருபவை.

பயன்பாட்டு எளிமை என்பதற்குப் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1998-இல் ஒரு வரையறை தந்து, 2018-இல் அதைத் திருத்தி வெளியிட்டது. 9241-11 என்ற எண்ணுள்ள அந்தத் தர ஆவணத்தின்படி, குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் தாங்கள் நினைத்த காரியத்தை எவ்வளவு சரியாக, எவ்வளவு குறைந்த சிரமத்தில், எவ்வளவு மனநிறைவோடு முடிக்கிறார்கள் என்பதே அளவுகோல். இதில் சூழல் என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். நடந்துபோகும்போது நாளில் நான்கு அழைப்புகளுக்குப் பதில் சொல்பவருக்கு நல்ல ஹெட்செட், உட்கார்ந்த இடத்தில் ஆறு மணி நேரம் பேசுபவருக்கும் நல்லதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் செய்த முதல் தவறு, என் சூழலை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் பார்த்ததுதான்.

முதல் கருவி

அது ஒரு கூழாங்கல்லைப் போல இருந்தது. ஒரு பக்கம் மெருகேற்றிய உலோகம், மறுபக்கம் காதுத் துளைக்குள் செல்லும் சிலிகான் முனை; வாயை நோக்கி நீளும் தண்டும் இல்லை, காதின் பின்னால் சுற்றும் கொக்கியும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பொத்தான் ஒன்றுகூட இல்லை. எடை எட்டு கிராம். பெட்டியைத் திறந்ததும் உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு கச்சிதமாகச் செய்யப்பட்ட பொருள் வேலையையும் கச்சிதமாகவே செய்யும் என்று மனம் தானாக முடிவு கட்டிவிட்டது.

இந்த மனப்போக்கு என் ஒருவனுடையது மட்டும் அல்ல. ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த மசாகி குரோசு, காவோரி காஷிமுரா ஆகிய இருவரும், வங்கிப் பண இயந்திரத்தின் திரையமைப்பை 26 விதமாக வரைந்து 252 பேரிடம் காட்டி, 1995-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பார்க்க அழகாக இருந்த அமைப்புகளையே மக்கள் பயன்படுத்த எளிதானவை என்றும் மதிப்பிட்டார்கள். உண்மையிலேயே எளிதாக அமைந்திருந்தவற்றோடு அந்த மதிப்பீடு அவ்வளவு ஒத்துப்போகவில்லை. அதை நம்ப மனமில்லாமல் நோம் டிராக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் திரும்பச் செய்து பார்த்தார். அங்கே அந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது.

ஹெட்செட்டில் இந்த மயக்கம் கூடுதல் சிக்கலை உண்டாக்குகிறது. பண இயந்திரத்தின் திரை, பயன்படுத்தும்போதும் கண்ணெதிரே இருக்கும். ஹெட்செட்டை மாட்டிய நொடியிலிருந்து, அதை அணிந்தவருக்கு அது தெரிவதே இல்லை. எதிரே இருப்பவர் பார்க்கலாம், பக்கத்தில் நடப்பவர் பார்க்கலாம். அணிந்தவரோ விரல் நுனியாலும் காதின் தோலாலும் மட்டுமே அதை அறிகிறார். மறுமுனையில் பேசுபவருக்கு அதுவும் இல்லை. அவர் அறிவது அதன் வழியே வரும் குரலை மட்டுந்தான். கண்ணால் தேர்ந்த பொருளைக் கண் தவிர்ந்த மற்ற எல்லாவற்றாலும் பயன்படுத்துகிறோம். என் முதல் கருவியின் குறைகளை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் இந்த இடத்தில்தான் வேர் கொண்டிருந்தது.

பொத்தான் இல்லாத பரப்பு

அக்கருவியின் வெளிப்புற உலோகத் தகடு முழுவதுமே ஒரு தொடுபரப்பு. ஒருமுறை தட்டினால் அழைப்பை ஏற்கும். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது தட்டினால் முடிக்கும். இருமுறை தட்டினால் கடைசியாக அழைத்த எண்ணை மீண்டும் அழைக்கும். அழுத்திப் பிடித்தால் அணையும். இன்னும் நீண்ட நேரம் பிடித்தால் புதிய கைபேசியோடு இணையத் தயாராகும். ஐந்து வேலைகளும் ஒரே பரப்பில், விரல் எத்தனை முறை, எவ்வளவு நேரம் படுகிறது என்பதையும் அழைப்பின் நிலையையும் மட்டும் வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தன. பொத்தான்கள் தெரியக்கூடாது என்று வடிவமைத்தவர் முடிவெடுத்த பிறகு அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

ஒரு மாலை, ஒரு மருத்துவரும் ஒரு மூதாட்டியின் மகளும் பேசிய அழைப்பு. மகளின் எண்ணை அழைத்து இணைத்தவன் நான். நல்ல செய்தி இல்லை. மருத்துவர் மிகப் பொறுமையாகச் சொன்னார், நானும் அதே பொறுமையோடு தமிழில் சொல்ல முயன்றேன். பேசி முடித்து எல்லோரும் விடைபெற்றுக்கொண்டதும் தகட்டைத் தட்டினேன். ஒன்றும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. விரலுக்கு அடியில் எதுவும் அமுங்கவில்லை, காதில் எந்த ஒலியும் வரவில்லை. சரியாகப் படவில்லை போலும் என்று எண்ணி மறுபடியும் தட்டினேன். அடுத்து என் காதில் கேட்டது மணி அடிக்கும் ஓசை. என்னவென்று புரிந்து கைபேசியைத் தேடி எடுப்பதற்குள் அந்த மகள் எடுத்துவிட்டார். “மறுபடியும் ஏதாவது ஆயிடுச்சாங்க?” என்று கேட்டார். அவருடைய குரலில் இருந்த அந்த நடுக்கத்துக்கு நானும் என் கருவியுமே காரணம். தவறுதலாக அழைத்துவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு பரவாயில்லை என்றார். எனக்குத்தான் அன்றிரவு முழுதும் அது நெஞ்சை விட்டு அகலவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். ஒரே பரப்பில் ஒரு தட்டலுக்கு ஒரு பொருளும் இரு தட்டலுக்கு வேறு பொருளும் இருந்தால், முதல் தட்டல் விழுந்தவுடன் கருவி செயல்பட முடியாது. இரண்டாவது வருகிறதா என்று அது காத்திருந்தாக வேண்டும். அந்த இடைவெளி அரை நொடி அளவே இருக்கலாம். ஆனால் தட்டிய விரலுக்குப் பதிலாக எந்த உணர்வும் கிடைக்காதபோது, அரை நொடி என்பது தட்டல் பதியவில்லை என்று முடிவு கட்டப் போதுமான நேரம். பயனர் இயல்பாக மீண்டும் தட்டுகிறார். கருவியோ அதற்காகவே காத்திருந்ததுபோல் அதை இரட்டைத் தட்டலாக எடுத்துக்கொள்கிறது. மனிதர் தவறு செய்யும் இடமும் கருவி தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. நான் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நாளில் முப்பது முறை செய்யும் செயலில் எச்சரிக்கையைக் கோரும் வடிவம் நல்ல வடிவம் அல்ல என்பது என் கருத்து.

‘டக்’ என்று அமுங்கும் ஒரு சிறு பொத்தான் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது, ஏனெனில் பதிந்தது என்ற செய்தியை விரலே மூளைக்குச் சொல்லியிருக்கும். ஆனால் காதில் தொங்கும் கருவியில் பொத்தானை எங்கே வைப்பது என்பதும் கேள்விதான். காதுக்கு நேராக, தலையை நோக்கி அழுத்தும்படி வைத்தால், ஒவ்வொரு அழுத்தலும் சிலிகான் முனையைக் காதுத் துளைக்குள் இன்னும் தள்ளும். ஒரு வாரத்தில் காது வலிக்கும். இரு பக்கமும் விரல் வைத்துக் கிள்ளுவதுபோல் அழுத்தும் அமைப்பில் அந்த விசை காதைச் சேராமல் இரு விரல்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஏர்பாட்ஸில் இருமுறை தட்ட வேண்டியிருந்தது. 2019-இல் வந்த ஏர்பாட்ஸ் புரோவில் தண்டைக் கிள்ளும் முறைக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தோற்றத்துக்குப் பெயர்போன ஒரு நிறுவனம், விரலும் காதும் என்ன உணர்கின்றன என்பதைக் கவனித்துச் செய்த திருத்தம் அது.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே

பொத்தான் தொந்தரவு என்னைப் பாதித்தது. மைக்கின் தொந்தரவு மற்றவர்களைப் பாதித்தது. அதனாலேயே அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு வாரங்கள் ஆயின. என் குரல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை நான் கேட்க வழியில்லை. மருத்துவர்கள் “மன்னிக்கவும், திரும்பச் சொல்லுங்கள்” என்று கேட்பது அதிகமானபோது, இணைப்பில் கோளாறு என்றுதான் எண்ணினேன். என்னோடு பணிபுரியும் அக்கா ஒருவர், ஒரு நாள் நேரடியாகவே சொல்லிவிட்டார்: “தம்பி, உங்க குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. அறுபதுன்னீங்களா எழுபதுன்னீங்களான்னு எனக்கே தெரியல.”

அந்த உதாரணத்தை அவர் தற்செயலாகச் சொன்னார். ஆனால் நோயின் வேர் அதில் இருந்தது. அறுபது, எழுபது, எண்பது ஆகிய மூன்றும் ‘பது’ என்றே முடிகின்றன. வேறுபாடு முழுவதும் சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறது. மைக் வாய்க்குத் தொலைவில் இருந்தால் குரலோடு அறையின் இரைச்சலும் சேர்ந்து நுழையும். அதைக் களையக் கருவிக்குள் இரைச்சல் நீக்கும் மென்பொருள் வேலை செய்யும். பேச்சு இல்லாத நேரத்தில் அது வாசலை அடைத்துவைத்து, பேச்சு தொடங்கியது என்று உறுதியானதும் திறக்கிறது. உறுதி செய்துகொள்வதற்குள் சொல்லின் முதல் அசை வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. மருந்தின் அளவைச் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளன் சற்று நிறுத்திவிட்டுத்தான் எண்ணைச் சொல்வான்; தெளிவுக்காக நான் செய்த அந்த நிறுத்தமே எண்ணின் தலையை வெட்டக் காரணமாக இருந்திருக்கிறது.

அளவுகோலை எடுத்துக் கண்ணாடி முன் நின்று அளந்தேன். அந்தக் கூழாங்கல்லின் மைக் என் வாயோரத்திலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. அக்கா பயன்படுத்திய, நீண்ட தண்டுள்ள ஹெட்செட்டின் மைக் 3 சென்டிமீட்டரில் இருந்தது. தொலைவு இரு மடங்கானால் வந்துசேரும் ஒலியின் மட்டம் சுமார் 6 டெசிபெல் குறையும். 3 என்பது 6 ஆகி, 6 என்பது 12 ஆனால் குறைவு 12 டெசிபெல். ஆற்றலில் சொன்னால் பதினாறில் ஒரு பங்கே வந்து சேர்கிறது. அறையின் இரைச்சலோ இரண்டு மைக்குகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கேட்கும். பதினாறு மடங்கு இழப்போடு தொடங்கும் கருவி, பிறகு எவ்வளவு புத்திசாலித்தனமான கணக்குப் போட்டாலும் ஈடு செய்வது கடினம்.

ஈடு செய்ய முயலும் வழிகளில் முக்கியமானது, இரண்டு மைக்குகளை வைத்து அவற்றுக்கு வந்துசேரும் ஒலியின் நேர வேறுபாட்டைக் கொண்டு வாயின் திசையை மட்டும் பொறுக்குவது. இதிலும் வடிவத்தின் அளவு குறுக்கே நிற்கிறது. 3000 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 3000 முறை அதிரும் ஒலியின், அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர்; 300 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது ஒரு மீட்டரைத் தாண்டும். இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு மைக்குகளுக்கு, தாழ்ந்த ஒலிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கருவி சிறுக்கச் சிறுக்க மைக்குகளும் நெருங்குகின்றன. அவை நெருங்க நெருங்கத் திசை அறியும் திறன் மங்குகிறது. தண்டை நீக்கிவிட்டு அதன் வேலையைக் கணக்கிடம் ஒப்படைத்தபோது, அந்தக் கணக்குக்குத் தேவையான இடத்தையும் வடிவம் பறித்துக்கொண்டது.

குரலைச் சுமந்து செல்லும் புளூடூத் வழியும் அகலமானதல்ல. கைபேசிப் பேச்சுக்கான பழைய முறையில் குரல் நொடிக்கு 8000 முறை மட்டுமே அளந்து எடுக்கப்படுவதால், அதில் பாதியான 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் போகாது. 2011-இல் வந்த விதிமுறையில் அது 16,000 ஆக உயர்த்தப்பட்டது. கைபேசியும் ஹெட்செட்டும் இரண்டும் அதை ஏற்றால்தான் அந்தத் தெளிவு கிடைக்கும். என் கூழாங்கல் பழைய முறையிலேயே நின்றது. பெட்டியின் மீது அதன் உலோகத்தைப் பற்றி எழுதியிருந்தார்களே தவிர இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்த இடத்தில் வடிவமைப்பாளர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். தண்டு இல்லாமல் நல்ல குரலைப் பெற எடுத்த முயற்சிகளில் ஜாபோன் குறிப்பிடத்தக்கது. ஈவ் பேஹார் வடிவமைத்து 2006-இன் இறுதியில் வந்த அந்த புளூடூத் ஹெட்செட்டில், கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு குமிழ் இருந்தது. பேசும்போது கன்னத்தில் எழும் அதிர்வை அது உணர்ந்து, அணிந்தவர் எப்போது பேசுகிறார் என்று கருவிக்குச் சொன்னது. இரைச்சலை எப்போது களையலாம் என்பது அதனால் தெளிவானது. நான் மேலே சொன்ன வாசல் சிக்கலுக்கு உடலிலிருந்தே விடை தேடிய முயற்சி அது. ஆனால் குமிழ் கன்னத்தைத் தொட்டால்தான் விடை கிடைக்கும். ஒவ்வொருவர் காதும் கன்னமும் ஒவ்வொரு விதம். ஏர்பாட்ஸின் தொங்கும் தண்டைப் பலர் கேலி செய்தார்கள். அந்தத் தண்டின் கீழ்முனையில்தான் மைக் இருக்கிறது. காதை விட்டு இறங்கி, வாயை நோக்கி அது நெருங்கும் சில சென்டிமீட்டர்களை நான் நன்றியோடு பார்க்கிறேன்.

விளக்கு, உலோகம், மின்கலம்

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவியின் வெளிப்புறத்தில் அழகான நீல விளக்கு ஒன்று சில நொடிகளுக்கு ஒருமுறை மின்னியது. மின்கலம் தீரும் நிலையில் அது சிவப்பாக மாறும். இரண்டையும் என்னைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள். மின்கலம் தீரப்போகிறது என்று நான் அறிந்தது, பெரும்பாலும் அது தீர்ந்த பிறகுதான்.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஹெட்செட்டுகளில் வழக்கமாக 2.5 மில்லிவாட் வரையிலான மிகக் குறைந்த ஆற்றலில் இயங்குகிறது. உடலில் உள்ள நீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சும். வலக்காதில் ஹெட்செட்டும் இடப்பையில் கைபேசியும் இருந்தால் நடுவில் உடலே சுவராக நிற்கும். போதாததற்கு வெளிப்புறத் தகடு உலோகம். அலை வெளியேற ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் விளிம்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. கைபேசியை மேசையில் வலப்புறமாக வைக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. எட்டு கிராம் கருவிக்குள் வைக்கக்கூடிய மின்கலமும் சிறியதே. புதிதில் நான்கு மணி நேரப் பேச்சுக்குத் தாங்கியது. லித்தியம் மின்கலம் ஒவ்வொரு முறை தீர்ந்து நிறையும்போதும் சற்றே தளர்வது இயல்பு என்பதால், ஆண்டு முடிவதற்குள் மதிய வேளையையே தாண்டவில்லை. திறந்து மாற்ற முடியாதபடி உடல் ஒட்டப்பட்டிருந்தது, ஏனெனில் திருகாணி தெரிந்தால் கூழாங்கல்லின் தோற்றம் கெட்டுவிடும்.

சிலிகான் முனை காதை இறுக அடைத்ததால் என் குரலே எனக்குள் முழங்கியது. மறுமுனையில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. எனக்குள்ளோ நான் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டது.

இரண்டாம் கருவியும் அக்காவின் மறுப்பும்

அடுத்து நான் வாங்கியது, அக்காவிடம் இருந்ததைப் போன்ற வகை. மின்கலமும் மற்ற பாகங்களும் காதின் பின்னால் ஒரு வளைவுக்குள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு தண்டு வாயோரம் வரை நீளுகிறது. எடை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆனால் அந்த எடை காதுத் துளையில் தொங்காமல் காதின் மேல்வேரில் உட்கார்ந்துகொள்வதால், மாலையில் முதல் கருவி தந்த வலி இதில் இல்லை. பேச்சை ஏற்கவும் முடிக்கவும் ஒரு பொத்தான், ஒலியைக் கூட்டக் குறைக்க வேறொன்று, இரண்டும் வெவ்வேறு உருவத்தில், விரல் வேறுபடுத்தி அறியும்படி. மின்கலத்தின் நிலையைக் கேட்டால் காதுக்குள் குரலாகவே சொல்கிறது.

என்னை வென்றது தண்டுதான். மேலே தூக்கினால் மைக் அடங்கும்; இறக்கினால் மீண்டும் பேசும். மருத்துவர் பேசும்போது இருமல் வந்தால் தண்டைத் தூக்கிவிட்டு இருமுவேன். மைக் இப்போது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற ஐயம் என் தொழிலில் பெரிய அச்சம். முதல் கருவியில் அதைத் தெரிந்துகொள்ளக் கைபேசியின் திரையைப் பார்க்க வேண்டும். இதில் விரலால் தண்டைத் தொட்டாலே தெரிந்துவிடுகிறது. கருவியின் உருவமே அதன் நிலையைச் சொல்கிறது. அழகு என்ற சொல்லை இதற்கும் பயன்படுத்த எனக்குத் தயக்கமில்லை.

இவ்வளவையும் அக்காவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அதே வகைக் கருவியை எனக்கு முன்பே வைத்திருந்தவர் அவர், அவரே மறுத்தார். தொலைபேசியில் மொழிபெயர்ப்பதோடு, வீடுகளுக்கு நேரில் சென்று, மருத்துவரை மட்டும் கைபேசியில் இணைத்துக்கொண்டு பேசும் பணியும் அவருக்கு உண்டு. “அதை மாட்டிக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்தா, அவங்க என் முகத்தப் பார்க்க மாட்டாங்க தம்பி, அந்தக் குச்சியத்தான் பார்ப்பாங்க. நான் அவங்களோட பேச வந்தவளா, இல்ல எங்கேயோ இருக்குற யாரோடயோ பேசறவளான்னு அவங்களுக்குக் குழப்பமா இருக்கும். நான் அந்த மாதிரி இடத்துல அதைக் கழட்டிப் பையில போட்டுடறேன்” என்றார். கழற்றிப் பையில் போட்ட ஹெட்செட்டின் மைக் எவ்வளவு நெருக்கமாக இருந்தும் பயனில்லை.

அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான், தோற்றம் என்பதை அலங்காரம் என்று மட்டும் நான் எண்ணிவந்தது குறுகிய பார்வை என உணர்ந்தேன். எதிரே மனிதர் இருக்கும் சூழலில் ஹெட்செட்டின் தோற்றம் பேச்சின் ஒரு பகுதி. நான் யாரைக் கவனிக்கிறேன், இப்போது என்னோடு பேசலாமா கூடாதா என்பதை அது எதிரே இருப்பவருக்குச் சொல்கிறது. எனக்கு அந்தச் சூழல் இல்லை, ஆகவே அந்தப் பயனும் எனக்கு இல்லை. அவருக்கு உண்டு.

எடைபோட்ட விதம்

தோற்றத்துக்கு இத்தனை மதிப்பெண், மைக்குக்கு இத்தனை, எடைக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதை நான் பின்பற்றவில்லை. கூட்டல் கணக்கில் ஒரு குறையை வேறொரு நிறை ஈடுகட்டிவிடும். அந்த மகளுக்கு மறுபடி மணி அடித்ததை, கருவி எட்டு கிராம்தான் என்ற நிறை எப்படி ஈடுகட்டும்? சில குறைகள் வாசலிலேயே நிறுத்தப்பட வேண்டியவை. என் பணிக்கு அவை மூன்று: நான் சொல்லும் எண் மறுமுனையில் எண்ணாகவே சேர வேண்டும், என் விரல் செய்ததைக் கருவி வேறாகப் புரிந்துகொள்ளக் கூடாது, ஒரு முழு நாள் பேச்சுக்கு மின்கலம் தாங்க வேண்டும். இந்த மூன்றையும் கடந்த கருவிகளுக்குள்ளே எது கண்ணுக்குப் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. அக்காவின் பட்டியலில் நான்காவதாக, எதிரே இருப்பவரின் பார்வையைப் பறிக்கக் கூடாது என்பதும் வாசல் நிபந்தனையாகவே வரும். அவருடைய அழைப்புகள் குறுகியவை என்பதால் மின்கல நிபந்தனை அவருக்குத் தளரும்.

வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனையும் எளியதுதான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அழைப்பை ஏற்று, ஒலியைக் கூட்டி, மியூட் செய்து, முடித்துப் பார்க்க வேண்டும். பிறகு மின்விசிறி ஓடும் அறையில் நின்று அறுபது, எழுபது, எண்பது என்று கலந்து பத்து எண்களைச் சொல்லி, மறுமுனையில் ஒருவரை எழுதச் சொல்ல வேண்டும். இரண்டாம் கருவியை வாங்கும்முன் அக்காவை வைத்து இதைச் செய்தேன். பத்தையும் சரியாக எழுதினார். முதல் கருவியோடு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது மூன்று இடங்களில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

இரண்டாம் கருவி குறையற்றது என்று சொல்ல மாட்டேன். படிக்கும் கண்ணாடியின் கம்பியும் கருவியின் வளைவும் காதின் மேல் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. கண்ணாடியை முதலில் மாட்டி, அதன் மேல் வளைவை வைத்தால் ஓரளவு பொருந்துகிறது. தண்டைத் திருப்பினால் எந்தக் காதிலும் மாட்டலாம் என்பதால் மதியத்துக்குப் பிறகு காதை மாற்றிக்கொள்கிறேன்.

கூழாங்கல்லை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். வீடுகளுக்குப் போகும் நாள்களில் அதைத்தான் மாட்டிச் செல்கிறார். அங்கே அறை அமைதியாக இருக்கும், பேச்சும் அரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. எண்களைச் சொல்லும்போது கைபேசியை வாயருகே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுச் சொல்கிறார். இரட்டைத் தட்டலை நிறுத்திவைக்க அக்கருவியில் வழியில்லை என்பதால், அழைப்பை முடிக்க மட்டும் அதன் தகட்டைத் தொடாமல் கைபேசியின் திரையிலேயே முடித்துவிடுகிறார்.